கழுவிய நீர் போகும் வழி

சபுராளிகள் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பொருள்களின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் மிக்ஸியும் வந்தன. பின்னர் சலவை இயந்திரம் வந்தது. இன்று அம்பகரத்தூர் போன்ற சிற்றூர்களிலும் பாத்திரம் கழுவும் இயந்திரம் அடுக்களைக்குள் இடம் பிடித்துவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமற் போனதால், இந்தியா முழுவதுமே இதன் விற்பனை திடீரென்று கூடியது. காரைக்கால் பகுதிக்கு வேறொரு காரணமும் உண்டு. 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் குடும்பங்கள் பல பிரான்ஸில் வாழ்கின்றன. அங்கே இந்த இயந்திரத்தைக் கண்டு பழகிய பிள்ளை, ஊரில் மூட்டுவலியோடு நின்றுகொண்டு பாத்திரம் துலக்கும் உம்மாவை நினைக்கிறான். விடுமுறையில் வந்ததும் ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறான். நல்ல பிள்ளைதான்!

ஆனால் மூன்றாம் வாரம் என்ன நடக்கிறது? கதவைத் திறந்தால் அடியில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் கலங்கிய தண்ணீர் நிற்கிறது. அதில் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் மிதக்கின்றன. கழுவிய சஹனை எடுத்து முகர்ந்தால் முதல் நாள் மீன் ஆணத்தின் வாடை. "எச்சிலைச் சரியாத் தட்டாமப் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று மாமி மருமகளைப் பார்க்கிறார். மருமகள் இயந்திரத்தைப் பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் கம்பெனிக்காரனை ஏசுகிறான். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படி வாரக்கணக்கில் பேச்சு வார்த்தை முறிந்துபோனதை நான் அறிவேன். கடைசியில் குழாய்க்காரர் ஒருவர் வந்து தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். இயந்திரத்தின் ஓஸைச் செருகியிருந்த சிறு காம்பின் வாய், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் மூடியபடியே இருந்தது! புதிய பாட்டில் ட்ராப் வாங்கும்போது அந்தக் காம்பு அடைபட்டே வரும். தேவைப்படுவோர் தகட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு ஓஸை மாட்ட வேண்டும். மாட்டியவர் அறுக்கவில்லை. முதலில் ஓரத்தில் இருந்த சிறு கசிவின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக நீர் போயிருக்கிறது. எண்ணெய்ப் பசை அதையும் அடைத்துவிட்டது. வாரக்கணக்கில் ஒரு பெண்பிள்ளை சுமந்த பழிக்கு மூலகாரணம் ஒரு நாலணா அகலத் தகடு.

சகோதரிகளே, இந்த இயந்திரத்தின் வேலை முறையை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். உள்ளே அடித்தளத்தில் ஒரு குழி இருக்கிறது. குழியின் மேல் உருளை வடிவில் ஒரு வடிகட்டி. பக்கத்தில் ஒரு சிறு பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் சில லிட்டர் நீரையே திரும்பத் திரும்பப் பாத்திரங்களின் மேல் பீய்ச்சுகிறது. சுற்று முடிந்ததும் பம்பு அந்த நீரை நெளிவுகள் கொண்ட ஓஸ் வழியாக மேலே உந்தி, தொட்டியின் கீழுள்ள கழிவுக் குழாய்க்குள் தள்ளுகிறது. முழுக் கழுவலுக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் நீர் செலவானாலே அதிகம். அதைக் கழிவுக் குழாயின் வாய்வரை கொண்டுவந்து விடுவதோடு இயந்திரத்தின் கடமை முடிந்தது. அதற்கப்பால் நீரை இழுத்துச் செல்ல எந்த விசையும் கிடையாது. சரிவு ஒன்றுதான் உண்டு.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். அரசலாறும் நாட்டாறும் திருமலைராயனாறும் கடலுக்குப் போகிற வழியில் தட்டை நிலத்தில் தயங்கித் தயங்கித்தான் நகர்கின்றன. வயலைப் பற்றி இவ்வளவு தெரிந்த நாம், வீடு கட்டும்போது தண்ணீர் வரும் குழாய்க்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தண்ணீர் போகும் குழாய்க்குக் காட்டுவதில்லை.

பிரான்ஸில் அடுக்களையைக் கட்டும்போதே இந்த இயந்திரத்துக்கென்று கழிவுக் குழாயில் ஒரு வாய் வைத்துவிடுவது வழக்கம். நம் பழைய வீடுகளின் கதை வேறு. கொல்லையில் குந்தியிருந்து, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கி, அந்த நீரை வாழை மரத்துக்கு விட்டவர்கள் நம் பாட்டிமார்கள். பிசுக்கைச் சாம்பல் வாங்கிக்கொண்டது. மிச்சத்தை மண் வாங்கிக்கொண்டது. குழாய் என்ற பேச்சே இல்லை. பின்னர் அடுக்களைக்குள் தொட்டி வந்தது. நீண்ட வீட்டின் நடுவிலோ பின்கட்டிலோ தொட்டியைப் பதித்து, தரைக்கு அடியில் எப்படியோ ஒரு குழாயை நுழைத்துத் தெரு வடிகாலில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும் என்பது கட்டடக்கலையில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அதாவது பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம். அறுபதடி நீளமுள்ள வீட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒன்றரை அடி வித்தியாசம் இருந்தாக வேண்டும். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டு, வாசற்படி தெருவுக்குச் சமமாகிவிட்ட வீடுகளில் இந்த ஒன்றரை அடிக்கு எங்கே போவது? கையால் கழுவும்போது நீர் சிறுகச் சிறுக வடிந்ததால் இக்குறை வெளியே தெரியவில்லை. இயந்திரமோ ஒரே மூச்சில் நாலைந்து குடுவை நீரைக் கொட்டுகிறது, குறை அம்பலமாகிவிடுகிறது.

ஆகவே அடியில் நீர் நின்றால், கம்பெனிக்கு ஆள் அனுப்புமுன் தொட்டியை ஒருமுறை சோதியுங்கள். அடைப்பானைப் போட்டுத் தொட்டியைப் பாதி நிரப்பி, பின் திறந்துவிடுங்கள். நீர் சுழித்துக்கொண்டு விரைவாக இறங்கினால் வெளிவழி நன்றாக இருக்கிறது. கோளாறு இயந்திரத்துக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட இடத்தில்தான். நீர் சோம்பலாக இறங்கினாலோ, இடையிடையே குளுகுளுவென்று ஓசையிட்டுக் குமிழ் விட்டாலோ, இயந்திரத்தின் மேல் பழியில்லை. வழி அப்பால் எங்கோ அடைபட்டிருக்கிறது. இயந்திரம் நீரை வெளியேற்றும் நேரத்தில் தொட்டியின் துவாரம் வழியாக நீர் மேலே பொங்கி வருவதும் இதே அடைப்பின் அடையாளமே.

தொட்டி நன்றாக வடிந்தும் இயந்திரத்தில் நீர் நின்றால் முதல் சந்தேகம் வடிகட்டி மீது. மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது. நிற்கும் நீரைக் குவளையாலும் பஞ்சாலும் எடுத்துவிட்டு, கீழ்த்தட்டை வெளியே இழுத்தால் நடுவில் உருளை தெரியும். திருகித் தூக்கி, பழைய பல்துலக்கி கொண்டு ஓடும் நீரில் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்யும் வீடுகளில் பெரும்பாலும் தொல்லையே வருவதில்லை. ரமலான் மாதத்தில் வாரம் ஒருமுறை போதாது. நோன்புக் கஞ்சிக் கோப்பைகளை அப்படியே அடுக்கினால், குழைந்த அரிசி வடிகட்டியின் கண்களில் புகுந்து பசைபோல் காய்ந்துவிடும். கோப்பையைத் தட்டிவிட்டு ஒரு கை நீர் ஊற்றி அலசி வைத்தால் அவ்வளவும் மிச்சம்.

வடிகட்டி இருந்த குழிக்குள் கையை விடும்போது எச்சரிக்கை வேண்டும். உடைந்த கண்ணாடிச் சில்லு, மீன் முள், எலும்புத் துணுக்கு, எலுமிச்சை விதை ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். இவற்றில் ஒன்று பம்பின் சிறு சக்கரத்தில் சிக்கிக்கொண்டால், பம்பு முனகும், நீர் நகராது. பல இயந்திரங்களில் பம்பின் மூடியைக் கழற்றிச் சக்கரத்தை விரல் நுனியால் சுழற்றிப் பார்க்க முடியும். முடியாத வகையாக இருந்தால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நலம். இன்னொன்று: வடிகட்டியின் கீழே சிறிதளவு தெளிந்த நீர் எப்போதும் நிற்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்துவிடாமல் இருக்க அது வேண்டும். அதைக் கண்டு பதறி ஆள் அழைப்போரும் உண்டு.

அடுத்தது ஓஸ். இதுதான் நம் வீடுகளில் அதிகமாகத் தவறு நடக்கும் இடம். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து வரும் ஓஸைத் தரையோடு தரையாக இழுத்து நேரே கழிவுக் குழாயில் மாட்டிவிடக் கூடாது. முதலில் அதை மேடைப் பலகையின் அடிப்புறம்வரை உயரே கொண்டுபோய், அங்கே சுவரில் ஒரு கிளாம்ப் அடித்து நிறுத்தி, பிறகு கீழே இறக்கிக் காம்பில் மாட்ட வேண்டும். கருங்கல் மேடையில் திருகாணி ஏறாது என்பதற்காகச் சிலர் இந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள். சுவரிலோ பக்கத்துப் பலகையிலோ அடிக்கலாமே!

இந்த வளைவு எதற்கு? தொட்டி அடைத்துக்கொண்டு கழிவு நீர் மேலேறும்போது, ஓஸ் தாழ்ந்து கிடந்தால் அந்த நீர் அப்படியே ஓஸ் வழியாகப் பின்னோக்கி ஓடி, கழுவி வைத்த பாத்திரங்களின் நடுவே வந்து நிற்கும். ஓஸ் ஓரிடத்தில் உயர்ந்து நின்றால் நீர் அந்த மேட்டைத் தாண்டாது. இயந்திரத்துக்குள் ஒருவழி வால்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான், அதன் வாயில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டால் மூடாது. இரண்டாவது பயன் இதற்கு நேர்மாறானது. நம் ஊர்களில் பலர் ஓஸின் நுனியைத் தரையிலுள்ள நாணி ட்ராப்புக்குள் போட்டுவிடுகிறார்கள். முழு ஓஸும் இயந்திரத்தின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், பீப்பாயில் குழாயிட்டு எண்ணெய் இறக்குவதுபோல, உள்ளே நிரம்ப நிரம்ப நீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும், கழுவாது. தண்ணீர்த் தொட்டி காலியான பிறகுதான் வீட்டுக்காரர் விழிப்பார். நாணி ட்ராப்பில்தான் விட வேண்டும் என்ற நிலை இருந்தால், ஓஸை முதலில் இரண்டடி உயரத்துக்காவது ஏற்றி இறக்குங்கள். நுனி நீரில் மூழ்காமலும், ஓஸைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டும் நிறுத்துங்கள்.

உயர்த்துவதிலும் எல்லை உண்டு. அந்தச் சிறு பம்பின் வலு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரைதான். அதற்குமேல் போனால் திணறும். இயந்திரத்தைப் பின்கட்டில் வைத்துவிட்டு, பதினைந்து இருபதடி தொலைவில் உள்ள தொட்டிக்கு ஓஸைத் துண்டு போட்டு நீட்டுவதும் ஆகாது. உடன்வரும் குறிப்பேட்டில் எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பேடு எங்கே என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தொட்டியின் கீழ் வளைந்தோ குடுவைபோலவோ இருக்கும் ட்ராப்பைப் பற்றியும் ஒரு சொல். இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர், 1775-இல் கழிப்பறைக்காக வளைந்த குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடையின் வாடை மேலே வராமல் தடுக்கும். நம் தொட்டியின் அடியில் இருப்பது அதன் வழித்தோன்றல்தான். அடைப்பு எடுக்கிறேன் என்று ட்ராப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடுகிறவர்கள் வாடைக்கும் கரப்பானுக்கும் வாசலைத் திறந்துவிடுகிறார்கள். கழற்ற வேண்டியதுதான், கீழே ஒரு வாளி வைத்துக் கையாலேயே திருகி எடுத்து, உள்ளே படிந்த பிசுக்கை வழித்துவிட்டு, ரப்பர் வளையத்தை மறக்காமல் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். இயந்திரத்தின் ஓஸ் மாட்டும் காம்பு இந்த ட்ராப்பில் தேங்கும் நீரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது? நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆட்டுக்கறியும் புழங்கும் வீடுகளில் இதற்குப் பஞ்சமா? ஆட்டுக்கொழுப்பு சூட்டில் உருகி நீரோடு ஓடும். குளிர்ந்த குழாயைத் தொட்டதும் மெழுகாக உறையும். இயந்திரம் வெந்நீரால் கழுவுவதால் கொழுப்பு தொட்டிக்கு அடியில் நிற்காமல், நாலைந்து அடி தள்ளிப் போய் எட்டாத இடத்தில் படிகிறது. விருந்து முடிந்ததும் தேக்சாவிலும் சஹனிலும் ஒட்டிய நெய்யைப் பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுவதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை. கொதிக்கும் நீரைக் குடம் குடமாக ஊற்றும் வழக்கம் வேண்டாம். பி.வி.சி. குழாய் கொதிநீரில் இளகி வளைந்துவிடும். வளைந்த இடத்தில் மறுபடி நீர் தேங்கும். கை பொறுக்கும் சூட்டை விடச் சற்றுக் கூடுதலான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுவது போதுமானது. அதற்கும் அசையாவிட்டால் ரப்பர்க் கிண்ணத்தால் அழுத்தி இழுக்கலாம். இழுக்குமுன் இயந்திரத்தின் ஓஸை இடுக்கியால் நெருக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு இயந்திரத்துக்குள் ஏறும்.

கடைகளில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. ஈரக் கையில் பட்டால் தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தூளைப் போட்டும் அடைப்பு நீங்காத குழாயை, அதைத் தெரியாமல் கழற்ற வருகிறவரின் முகத்தில்தான் அது தெறிக்கும். அதனினும் கொடியது, கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அன்று அதில் முதலில் சிக்கிய பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியாவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களும் இருந்தனர். போர்க்களத்து நஞ்சை, கதவடைத்த அடுக்களையில் உண்டாக்க வேண்டுமா? இவ்விரண்டையும் தொட்டிக்கு அடியில் பக்கம் பக்கமாக வைத்திருக்கும் வீடுகள் பல. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடமும் அதுவே.

தேங்கிய நீரில் கிடந்த பாத்திரங்களைப் புழங்கலாமா என்று மூதாட்டிகள் தயங்குவதுண்டு. உணவு மிச்சம் ஊறிப்போய் நாறுவதால் மட்டும் நீர் நஜீஸாகிவிடாது. அருவருப்பு வேறு, நஜீஸ் வேறு. மறுபடி கழுவிப் புழங்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் அடுக்களைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் வெளியே ஒரே குழாயில் சேருகின்றனவா என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சேரும் வீட்டில் அடைப்பு ஏற்பட்டுப் பின்வாங்கி வந்தது மலநீராக இருந்தால் நிலைமை வேறு. மார்க்கச் சட்டமும் மருத்துவமும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன. பாத்திரங்களை வெளியே எடுத்து நல்ல நீரில் கழுவி, இயந்திரத்தையும் வெறுமையாகக் கடுஞ்சூட்டில் ஒருமுறை ஓட்டிய பிறகே புழங்க வேண்டும். அடுக்களைக் குழாயைத் தனியே பிரித்துவிடுவதே நிலையான தீர்வு.

பிரித்த நீரை எங்கே விடுவது? பாட்டிமார்களின் வழியில் வாழைக்கு விடலாம் என்று தோன்றும். கையால் துலக்கிய நீருக்கு அது பொருந்தும். இயந்திரத்தில் இடும் தூளும் மாத்திரையும் காரம் மிகுந்தவை; கல்நீரைச் சமாளிக்க இடும் உப்பும் அந்நீரோடு வெளியேறும். ஏற்கெனவே உவர் ஏறிய கடலோர மண்ணுக்கு இது நல்லதன்று. எனவே கழிவுநீர் வடிகாலில்தான் விட வேண்டும். தெருவில் விடுவது தகாது. கூரைநீர் வடியும் குழாயைத் தெருப்பக்கம் நீட்டுவதில் வழிப்போக்கருக்குத் தொல்லை வரக்கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் ஸுல்ஹ் பாடத்தில் நுணுக்கமாகப் பேசுகின்றன. மழைநீருக்கே அந்தக் கண்டிப்பு! ஒளூச் செய்துகொண்டு பள்ளிக்கு நடப்பவர்களின் காலில் நம் வீட்டுச் சோப்பு நுரை படுவதைப் பற்றி என்ன சொல்ல?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தப் பிரச்சினை எல்லாமே இரட்டிப்பாகும். நம் பகுதிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. 2008 நவம்பரில் காரைக்காலை ஒட்டி நிஷா புயல் கரை கடந்தபோது பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஆறும் வாய்க்காலும் நிரம்பி, தெரு வடிகாலின் நீர்மட்டம் வீட்டுக் குழாயின் வாய்க்கு மேலே ஏறிவிட்டால், உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீர் வெளியேறாது. வெளிநீர் உள்ளே வரும். அப்படிப்பட்ட நாள்களில் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. வாசலுக்கு வந்து குழாயின் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்குக் கையால் கழுவி, நீரை வாளியில் எடுத்து ஊற்ற வேண்டியதுதான். புதிதாக வீடு கட்டுவோர் இயந்திரத்தை அரையடி உயர மேடையில் வைக்கலாம். பம்புக்கும் சற்று எளிது, தரையில் நீர் புகுந்தாலும் மின்பகுதிக்குப் பாதுகாப்பு. வெளிக்குழாயின் வாயில் எலி நுழையாதிருக்க வலை கட்டுவோர், அதைக் கழற்றக்கூடியதாகக் கட்டுங்கள். மழைக்கு முன் ஒருமுறை அந்த வலையைக் கழற்றிப் பார்த்தால், தெருக் குப்பையும் பிளாஸ்டிக் பைகளும் எவ்வளவு சிக்கியிருக்கின்றன என்பது தெரியும்.